பத்து மணிக் கூட்டம்

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பதினோராம் ஆண்டில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பல பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோர் கூட்டம் வைத்தால் நாலைந்து பேர்தான் வருகிறார்கள். இவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையே இல்லை. இடைவிலகப் போகிறவர்களை முன்கூட்டியே அடையாளம் காண வழி உண்டா? நல்ல பேச்சாளரை அழைத்துக் கருத்தரங்கு நடத்தலாமா?

க.

அன்புள்ள தம்பி,

போன மாதம் எங்கள் உறவில் ஒரு பெண்பிள்ளை பத்தாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். அன்றிலிருந்து இதே யோசனைதான் எனக்கு.

கருத்தரங்கு வேண்டாம். பேச்சாளர் பின்னேர பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்விடுவார். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டதைப் பெற்றோருக்குச் சொல்லி மிரட்டவும் வேண்டாம். அடையாளம் காணும் வழி உங்கள் மேசையிலேயே இருக்கிறது: பிள்ளைகளின் வரவைப் பதியும் இடாப்பு. ஒன்பதாம் வகுப்பில் யார் தோற்பார்கள் என்பதை, எட்டாம் வகுப்புப் பரீட்சைப் புள்ளிகளைவிட, வராமல் நின்ற நாட்களே தெளிவாகக் காட்டின என்று 2007இல் சிகாகோப் பள்ளிகளை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். எந்த மலைக்கும் பொருந்தும் விஷயம் அது.

ஆனால் "அக்கறையே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? வார நாளில், காலை பத்து மணிக்குத்தானே? அந்த நேரத்தில் தாய் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். இறங்கி வந்தால் கொழுந்தின் நிறை குறையும், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராடிய சனம் இது. ஒரு நாட்சம்பளத்தில் பாதியை இழந்து வந்து, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போக வேண்டுமா? வராதவளுக்கு அக்கறை இல்லை என்று தீர்ப்பு எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கூட்ட நேரத்தைக் குறித்தவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

நான் ஒன்பதாம் ஆண்டு படித்தபோது கடைசித் தம்பிக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் எடுக்க மாட்டார்கள். நான் வீட்டில் நின்றேன். காய்ச்சல் போன பிறகும் நின்றேன், ஏனென்றால் அதற்குள் வகுப்பில் சமன்பாடு தொடங்கியிருந்தது, எனக்கு ஒன்றும் விளங்காது என்ற பயம். எங்கள் கணக்கு டீச்சர் ஒரு பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வந்துவிட்டார். தராசுக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மாவிடம் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "நாளைக்குச் சின்னவனை யார் பார்ப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு மாமி, தன் மாமியார் வீட்டில்தான் இருக்கிறார், அவர் பார்ப்பார் என்றார். அவ்வளவில் முடிந்தது. விட்டுப்போன சமன்பாடுகளை டீச்சர் பாடசாலை விட்ட பிறகு உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்.

அதே வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளும் அந்தத் தவணை வராமல் நின்றாள். அவள் வீடு தோட்டத்தின் மேல் டிவிசனில், லயன் வீட்டு வரிசையின் தொங்கலில். அங்கே யாரும் ஏறவில்லை. கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள்.

தூரம், மழை, அட்டைக்கடி எல்லாம் எனக்கும் தெரியும். அதிபர் என்ன சொல்வாரோ என்பதையெல்லாம் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல ஆசிரியர் தம்பி, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். இந்த வாரம் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைகள் யார் என்று இடாப்பைப் பாருங்கள். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் அவர்களின் தாய்மாரைச் சந்தியுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.