பூட்டு பலமானதுதான், சாவி யாரிடம் இருக்கிறது?

கே: போர் விமானங்கள் தரவு பகிரும் லிங்க்-16 ரேடியோ இணைப்பு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கிறதே, அப்புறம் குறியாக்கம் எதற்கு?

ப: தாவல் ஜாமிங்கை, அதாவது எதிரி இரைச்சல் அனுப்பி அலைவரிசையை அடைப்பதைச் சமாளிக்க. 51 அலைவரிசைகளில் நொடிக்குச் சுமார் 77,000 தாவல்கள். எப்படியோ செய்தியைப் பிடித்துவிட்டவனுக்கும் அது புரியக் கூடாது என்பதற்குத்தான் குறியாக்கம். இரண்டும் வேண்டும்.

கே: போர் விமான ரேடியோவை ஹேக் செய்ய முடியுமா?

ப: எந்த ரேடியோ? குரலா, டேட்டா லிங்க்கா, செயற்கைக்கோள் இணைப்பா? அதையாவது எழுதுங்கள். ஒரே வரிக் கேள்விக்கு உருப்படியாக என்ன பதில் சொல்வது?

கே: ஏஇஎஸ்-256 குறியாக்கம் போட்டுவிட்டோம். இனி கவலை இல்லைதானே?

ப: எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. அல்காரிதத்தை உடைத்து உள்ளே வருபவன் அபூர்வம். குறியாக்கத்தைத் திறக்கும் ரகசியச் சாவி கசிந்தோ, குறியாக்கமே போடாமல் விட்டோதான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. ஈராக்கில் அமெரிக்க ட்ரோன்களின் வீடியோவைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்துப் பார்த்தது 2009-இல் வெளியே வந்தது. அவர்கள் எதையும் உடைக்கவில்லை. வீடியோ குறியாக்கம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சுமார் 26 டாலர் மென்பொருள் போதுமானதாக இருந்தது. ஒரு பயிற்சியில், சாவி ஏறவில்லை என்று மொத்தக் குழுவும் குறியாக்கமில்லாத திறந்த குரலில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஏற்றிப் பார்க்க யாருக்கும் மனமில்லை. சாவியை யார் ஏற்றினார்கள், எப்போது மாறும், விமானம் எதிரி நிலத்தில் விழுந்தால் யார் அழிப்பார்கள், அதே சாவி வைத்திருக்கும் மற்ற விமானங்களுக்குப் புதுச் சாவி எப்படிப் போகும்? இந்த நான்குக்கும் பதில் வைத்துக்கொண்டு 256 பற்றிப் பேசுங்கள்.

கே: விமானத்துக்குள் கருவிகளை இணைக்கும் 1553 பஸ் (தரவுக் கம்பி) பழசு. தூக்கிவிடலாமா?

ப: 1970-களின் வடிவமைப்பு, நொடிக்கு 1 மெகாபிட். கட்டளை அனுப்புவது யார் என்று அது சரிபார்ப்பதில்லை, அது உண்மைதான். ஆனால் அதை மாற்றினால் விமானத்தில் பாதியை மறுபடி சோதித்துச் சான்று வாங்க வேண்டியிருக்கும். முதலில் வாசலைக் காவல் செய்யுங்கள்: பராமரிப்பு லேப்டாப், பயணத் தரவை ஏற்றும் கார்ட்ரிட்ஜ். வெளியிலிருந்து வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். சாவி ஏற்றும் கருவியும் இந்தக் கணக்கில் சேரும்.

கே: ஜிபிஎஸ் ஜாம் ஆனால் லிங்க்-16 செத்துவிடுமா?

ப: இல்லை. ஒரு முனையத்தின் கடிகாரத்தை மற்றவை பின்பற்றும், அது போதும். ஹேவ் குயிக் என்ற, அலைவரிசை தாவும் குரல் ரேடியோவுக்கோ எல்லாரிடமும் ஒரே நேரம் இருந்தாக வேண்டும். ஜிபிஎஸ் போனால் இன்னொரு விமானத்திடமிருந்து நேரம் வாங்கப் பழகியிருங்கள்.

கே: நண்பனா எதிரியா என்று கேட்டறியும் ஐஎஃப்எஃப் கருவியில் மோட் 4 இன்னும் போதுமா?

ப: போதாது. மோட் 5-க்கு மாறுங்கள். சாவியை நேரத்துக்கு மாற்றுங்கள்.