‘சம்பந்தமில்லை’ என்று அனுப்பிய நாளிலிருந்து மூன்று ஆண்டு

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொளத்தூரில் இட்லி மாவுத் தொழில் தொடங்கினோம். அம்மாவின் நகையை அடகு வைத்து ஐந்து லட்சம் ரூபாய் போட்டேன். எழுத்தில் எதுவும் இல்லை. லாபத்தில் பாதிப் பாதி என்று பேச்சு. பெரம்பூர், வில்லிவாக்கம் கடைகளுக்கு ஸ்கூட்டரில் மாவு போட்டு வாடிக்கை பிடித்தவள் நான். தொழில் வளர்ந்ததும் அவள் கணவர் உள்ளே வந்தார். என்னைக் கூலியாள் போல நடத்தினார்கள். இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்கு முன், ‘இனி எனக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தமில்லை, என் பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வெளியேறினேன். இரு வீட்டுப் பெரியவர்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் அவள் பெயரில். கிரைண்டருக்கு வாங்கிய வங்கிக் கடனில் மட்டும் என் கையெழுத்தும் உண்டு. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? நான் தனியாகத் தொழில் தொடங்கலாமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: தோழியின் கணவர் உங்களை எப்படி நடத்தினார், யார் அதிகம் உழைத்தது என்பதை வழக்கு மனுவில் ஒரு வரிகூட எழுத மாட்டேன். நீதிமன்றத்துக்கு அது தேவையில்லை. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த வாட்ஸ்அப் செய்தியின் தேதி.

காலவரையறை குறிப்பிடாத கூட்டுத் தொழிலை ஒரு பங்குதாரர் எழுத்தில் அறிவித்துக் கலைக்கலாம் என்கிறது 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். இருந்தது இருவர்தான். ஒருவர் போனால் மிஞ்சுபவர் ஒற்றை ஆள். அங்கே கூட்டாண்மை ஏது? நீங்கள் கோபத்தில் அனுப்பியதை எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கலைப்பு அறிவிப்பு என்றே வாதிடுவார். கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கணக்கும் பங்கும் கேட்டு வழக்குப் போட வேண்டும். உங்களுக்கு மிச்சம் எட்டு மாதம்.

இதில் சிக்கியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கதை: ‘பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.’ பேச்சுவார்த்தை காலக்கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. ‘உன் பங்கு பாக்கி இருக்கிறது’ என்று தோழி, கெடு முடிவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டால்தான் புதிய கெடு பிறக்கும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாமா சொன்னதற்கு மதிப்பில்லை. தை பிறக்கட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் பலன் ஒன்றுதான்.

இரண்டாவது குழி இதைவிட ஆழமானது. தோழியின் பதில் மனு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன்: ‘கூட்டுத் தொழிலே கிடையாது. அது கைமாற்று. கொடுத்து மூன்று ஆண்டு தாண்டிவிட்டது.’ கடன் என்று நிலைநாட்டிவிட்டால் உங்கள் கோரிக்கை இன்றைக்கே காலாவதி. அதற்கு வசதியாக ‘என் பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று நீங்களே எழுதியும் கொடுத்திருக்கிறீர்கள். இனி எந்தச் செய்தியிலும் அப்படி எழுதாதீர்கள். ‘கணக்கு முடித்து என் பங்கைக் கொடு’ என்று கேளுங்கள்.

கூட்டு என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது? உங்கள் கணக்குக்கு மாதாமாதம் வந்த தொகைகளை எடுத்துப் பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் சம்பளம் அல்லது வட்டி என்பார்கள். வியாபாரத்துக்கேற்ப ஏறி இறங்கியிருந்தால் அது லாபப் பங்கு என்று வாதிட இடமுண்டு. அதைவிட நல்ல சான்று, நீங்கள் சுமையாக நினைக்கும் அந்தக் கிரைண்டர் கடன்தான். கூலியாளோ, கைமாற்றுக் கொடுத்தவரோ முதலாளியின் வங்கிக் கடனில் கையெழுத்துப் போடுவாரா? கடன் விண்ணப்பத்தின் நகலை வங்கியில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். செய்திகளைச் சான்றாக வைக்க, 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும்.

அதே கடன் உங்கள் கழுத்தையும் பிடிக்கும். நீங்கள் விலகியது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் தவணை தவறினால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். அரிசி, உளுந்து மண்டிக் கடனும் அப்படித்தான். கலைப்பை அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிக்காதவரை, உங்களைப் பங்குதாரர் என்று அறிந்தவர்கள் பின்னால் கொடுத்த சரக்குக்கும் உங்களிடம் வரலாம். இந்த அறிவிப்பை யாரும் போடுவதில்லை. போடுங்கள்.

கூட்டு பதிவாகவில்லையே என்று பயமுறுத்துவார்கள். கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு பதிவாகாத கூட்டுக்குப் பல கதவுகளை அடைக்கிறது, உண்மை. ஆனால் கலைப்பு, கலைந்த கூட்டின் கணக்கு ஆகியவற்றுக்கான வழக்கை அது தடுக்காது.

மோசடிப் புகாரோடு வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். கூட்டுச் சொத்தைப் பங்குதாரர் எடுத்துக்கொண்டார் என்பதால் மட்டும் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1965-இலேயே சொல்லிவிட்டது. ‘சிவில் விவகாரம்’ என்று புகாரை முடிப்பார்கள். அந்த எட்டு மாதத்தில் மூன்று அங்கேயே கரைந்துவிடும்.

வழக்குப் போட்டால் வெல்வீர்களா? வெல்லலாம். முதலில் பூர்வாங்கத் தீர்ப்பு, பிறகு நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரின் கணக்கெடுப்பு, பிறகு இறுதித் தீர்ப்பு. சரியான கணக்குப் புத்தகமே இல்லாத மாவுக் கடையில் ஆணையர் எதைப் பார்ப்பார்? ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். போட்ட ஐந்து லட்சமும் அதற்கு மேல் நியாயமாக ஏதோ ஒன்றும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்த வியாபாரத்தில் சரிபாதி என்ற கணக்கு மனதுக்கு நியாயமாகத் தெரியும், கைக்கு வருவது அரிது.

ஆனால் சமரசத்தைப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதாதீர்கள். உங்கள் கோரிக்கை மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக வழக்கு. அவசரத் தடை கேட்காதபோது, வழக்குக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம். சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இந்த வாரமே மனுக் கொடுங்கள். மத்தியஸ்தம் நடக்கும் காலம் கெடுவில் சேராது. அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு. பணம் வராவிட்டால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம்.

தனித் தொழில் தொடங்கத் தடையில்லை. பழைய பெயரை மட்டும் பாக்கெட்டில் அச்சிடாதீர்கள். கணக்கு முடியும்வரை மற்றவர் கூட்டின் பெயரில் வியாபாரம் செய்வதைத் தடுக்க கூட்டாண்மைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இருவருக்கும் வழிவிடுகிறது. இப்போது அந்தப் பெயரில் மாவு விற்பது உங்கள் தோழி. மத்தியஸ்தருக்கு முன் அவர் கணவரை உட்கார வைக்கப்போவது இந்தப் பிரிவுதான்.

தொகை பேசி முடிந்ததும் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். கிரைண்டர் கடனிலிருந்து உங்களை விடுவித்த வங்கிக் கடிதம் முதலில் உங்கள் கைக்கு வரட்டும்.