குழாயில் வரும் தண்ணீருக்கும் நன்றியா?

ஐயாவுக்கு வணக்கம்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சாமி நம்பிக்கை உண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவேன். என் மாமியார் குழாயைத் திறந்து தண்ணீர் வந்தாலே "எல்லாம் முருகன் புண்ணியம்" என்பார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. நான் சாமி முன்னால் நிற்பதே ஏதாவது கேட்கத்தான். சம்பளம் ஏறவில்லை என்று புலம்பினால், "வேலையே இல்லாதவங்களை நினைச்சுப் பாரு, இருக்கறதுக்கு நன்றி சொல்லு" என்கிறார். கேட்டால் எரிச்சல் வருகிறது. எரிச்சல்பட்டோமே என்று அப்புறம் மனசு உறுத்துகிறது. என் பக்தியில்தான் கோளாறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பக்தியில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் மாமியார் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். ஒன்றில் நான் அவர் கட்சி, மற்றதில் உங்கள் கட்சி.

முதலில் குழாய். 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அவர் சொல்வது வேடிக்கையாகத் தெரியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. மெட்ரோ வாட்டர் லாரி வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு தூங்கியவர்கள் எத்தனை பேர்! அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு என்று ஒவ்வொரு வாளிக்கும் கணக்கு இருந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். இவ்வளவு பெரிய ஊருக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த ரயிலைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அப்புறம் மழை வந்தது, நாமும் மறந்துவிட்டோம். உங்கள் மாமியார் மறக்கவில்லை போலிருக்கிறது.

அவரிடம் நான் ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன். முருகன் புண்ணியம் தானாக வந்து குழாயில் கொட்டுவதில்லை. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். தெருமுனையில் குனிந்து வால்வைத் திறந்துவிட ஒரு ஆள் வருகிறார். முருகனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, அந்த ஆள் வாசலில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பக்தர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது பாதி நன்றிதான்.

இரண்டாவது விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயமானது. வேலை இல்லாதவனின் கஷ்டத்தைக் காட்டி நம்மை ஆறுதல்படுத்திக்கொள்வதை நன்றி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு அவனுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டால் நம் நன்றி என்ன ஆகும்?

இருப்பதற்கு நன்றி சொல்கிறவர் இல்லாததைக் கேட்கக் கூடாது என்று நம் பக்தி மரபில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தேவாரம் பாடிய சுந்தரரைப் பாருங்கள். குண்டையூரில் மலைபோல நெல் கிடைத்துவிட்டது. வேறு யாராவது என்றால் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். அவரோ திருக்கோளிலிக்குப் போய், நெல் இருக்கிறது, திருவாரூருக்குத் தூக்கிப் போக ஆள் இல்லை, ஆள் அனுப்பு என்று சிவனிடம் பதிகம் பாடிக் கேட்டார். அவர் மனைவி பரவையார் அங்கே காத்திருக்கிறாரே! இரவோடு இரவாகப் பூதகணங்கள் சுமந்துபோய்ப் போட்டதாகக் கதை. பிற்பாடு பார்வை போய், காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பி வந்தபோது, அது போதும் என்று அவர் இருக்கவில்லை. திருவாரூர் போய், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று கடவுளையே குத்திக்காட்டினார். மற்றக் கண்ணும் வந்தது. இதற்காக அவரை நன்றி கெட்டவர் என்று யாரும் கோயிலை விட்டு வெளியே அனுப்பவில்லை. நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். கேட்கவும் கோபித்துக்கொள்ளவும் அவருக்கு இருந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

அதனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கேட்பதைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் சம்பள விஷயத்தில் முருகனோடு நிறுத்திவிடாதீர்கள். இத்தனை நாள் செய்த வேலையை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் மேலதிகாரியையும் போய்ப் பாருங்கள்.