டொல்பின் வான் ஏன் சூடேறுகிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏசி போட்டு ஓடினால் டொல்பின் ஹையேஸ் (ரொயோற்றா வான்) சூடேறுது, றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணிதான் விடுகிறேன் என்கிறீர்கள். பெரும்பாலும் சிக்கல் அந்தத் தண்ணியில்தான். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலில் வெள்ளையாகப் படிவதே றேடியேற்றர் குழாய்களையும் அடைக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வாயில் வெள்ளைப் படிவு தடித்திருந்தால் வெறும் ஃபிளஷ் (தண்ணி விட்டுக் கழுவுதல்) போதாது, கழற்றித் துப்புரவாக்க வேண்டும். பிறகு கூலன்ற் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி.

விசிறியை எஞ்சினோடு இணைக்கும் ஃபான் கிளச்சையும் பாருங்கள். எஞ்சின் நின்று ஆறியிருக்கையில் விசிறியைக் கையால் தட்ட, அது தடையில்லாமல் பல சுற்றுச் சுற்றினால் உள்ளே சிலிக்கன் எண்ணெய் போய்விட்டது. எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் சின்னக் கசிவு கண்ணில் படாது; இடைக்கிடை சீற்றைத் தூக்கி ஹோஸ் முனைகளைத் தடவிப் பாருங்கள். வெப்பம் காட்டும் ஊசி சிவப்புக்கு வந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். அதோடு ஓடினால் ஹெட் காஸ்கற் (எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போகும்.