ஹாலில் வைஃபை நன்றாக இருக்கிறது, பின்னறையில் வரவில்லை. எக்ஸ்டெண்டர் (சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கருவி) வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஃபைபர் பெட்டி, அதாவது வைஃபை தரும் ரூட்டர், வாசல் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர்கள் கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதி சிக்னல் தெருவுக்குப் போகிறது.

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய நீள வீடு. ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிப் பின்பக்கம் இரண்டாம் கட்டில்தான் அம்மாவின் அறை. சுவர்கள் ஒன்றரை அடி கனம். பெட்டியோ ரேழியில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். துபாயிலிருந்து பேரன் வீடியோ காலில் கூப்பிட்டால், அம்மா முழங்கால் வலியோடு எழுந்து கூடத்துக்கு வரவேண்டும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பெட்டியைக் கூடத்தில், எதுவும் மறைக்காத உயரத்துக்கு மாற்ற வைத்தேன். முற்றம் வரை சரியாயிற்று. அம்மா அறையில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எட்டவே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் விட்டுவிட்டு வந்தது. அதனால் முற்றத்துச் சுவரோரமாக கேட்-6 லேன் கேபிள் (இணையத்துக்கான வயர்) இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை அந்த அறையில் வைத்தேன். அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 192.168.1.2 என்று மாற்றி (கூடத்துப் பெட்டி 192.168.1.1), மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வெளி இணையத்துக்கான வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. ஒன்றோடொன்று இடறாமலிருக்க 2.4-இல் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 11. இப்போது அம்மா கட்டிலில் படுத்தபடியே பேரனிடம் பேசுகிறார்.

மெஷ் (தங்களுக்குள் இணைந்து வீடு முழுக்க வைஃபை தரும் பல பெட்டிகள்) வாங்கினால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். மெல்லிய சுவர் உள்ள ஃபிளாட்டில் போதும், நான் மறுக்கவில்லை. ஆனால் கேபிள் இல்லாத மெஷ்ஷும் அதே சுவரைத்தான் துளைத்துப் போகவேண்டும். சாதாரண எக்ஸ்டெண்டரோ, சிக்னலைப் பெற்ற அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வயர் தொங்குவது அசிங்கம் என்றால் கேசிங் பட்டி போட்டு மூடலாம். கேபிள் முழு காப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். காப்பர் பூசிய அலுமினியம் விலை குறைவு, உழைக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இன்று புதிதாகக் கட்டுகிற வீடுகளிலும் ஏசிக்குப் பாயிண்ட், டிவிக்குப் பாயிண்ட், கீஸருக்குப் பாயிண்ட் என்று வைக்கிறார்கள். லேன் கேபிளுக்கு ஒரு பைப் கிடையாது. தங்கை வீட்டில் கட்டும்போதே கேட்டதற்கு, "எல்லாம் வயர்லெஸ் ஆயிடுச்சு சார்" என்றார் கான்ட்ராக்டர். இப்போது அங்கே மாடியில் நெட் இல்லை, பெயின்ட் அடித்த சுவரை உடைக்க மனசும் இல்லை. யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால், பூச்சு வேலைக்கு முன்பே கூடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் கரண்ட் பைப்போடு சேராமல் தனியாக ஒரு காலி பைப் போடச் சொல்லுங்கள்.