கடற்கரையில் போஸ் இல்லாத குடும்பப் படங்கள்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவோம். போனை எடுத்தாலே எல்லாரும் வரிசையாக நின்றுவிடுகிறார்கள். மாமியார் முகம் இறுகிப்போகிறது, பத்து வயது மகள் இரண்டு விரலைக் காட்டுகிறாள். போதாததற்கு முகமெல்லாம் கறுப்பாக விழுகிறது. இயல்பான படம் எடுக்க என்ன வழி?"

முதலில் அந்தக் கறுப்பைச் சரிசெய்துவிடலாம். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடல் பக்கமாக எழும்புகிறது. கடல் பின்னால் தெரிய வேண்டும் என்று நீங்கள் ரோட்டுப் பக்கம் நின்று எடுப்பீர்கள், வெளிச்சம் முழுக்க அவர்கள் முதுகில் விழும், போன் வானத்தின் பிரகாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். இடம் மாறி, கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் தெளியும்தான், ஆனால் அலைக்கு முதுகைக் காட்டவே கூடாது. நான் கரையின் நீளத்துக்குப் பார்த்து எடுப்பேன், வடக்கே அடையாறு முகத்துவாரப் பக்கமோ தெற்கே வேளாங்கண்ணி கோயில் பக்கமோ. வெயில் பக்கவாட்டில் விழுந்து முகத்துக்கு உருவம் கொடுக்கும், அலையும் படத்துக்குள் இருக்கும். சென்னையில் சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் 5.45 மணிக்குச் சற்று முன்பு, ஜனவரியில் 6.30 தாண்டி. அதிலிருந்து ஒரு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். மாலையில் போனால் கணக்கு தலைகீழ், ரோட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்த்தே தாராளமாக எடுக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். இயல்பான படம் என்றால் யாருக்கும் தெரியாமல் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஒளிந்து எடுத்தால் முதுகும் வாய் நிறைய சுண்டலும்தான் கிடைக்கும். போனை அவர்கள் மறக்கிற அளவுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். மகளிடம் அலை வந்து தொடுவதற்குள் மணலில் ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். மாமியாரிடம் "சிரிங்க அத்தை" என்று சொல்லவே சொல்லாதீர்கள், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் கணுக்காலைத் தொடும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் எழுப்புகிற சின்னச் சத்தம் இருக்கிறதே, அந்த நொடிக்குத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். அலை திரும்பத் திரும்ப வரும், முதல் இரண்டு அலைகளை விட்டுவிடுங்கள், மூன்றாவது நான்காவதில் உங்களை மறந்திருப்பார்கள். வரிசையாக நின்றுதான் தீருவோம் என்றால் நிற்கட்டும், அந்தப் படத்தையும் எடுத்துவிட்டு "சரி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனை இறக்காமல் இருங்கள். அடுத்த சில விநாடிகளில் தோள் தளரும், ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். என்னிடம் உள்ள நல்ல குடும்பப் படங்களில் பல அந்த இடைவெளியில் கிடைத்தவைதான்.

நின்றபடி எடுக்காமல் மணலில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் எடுங்கள். கிட்டே போய் நிற்பதைவிட நாலைந்து அடி பின்னால் தள்ளி, 2 அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபடாது. ஓடுகிற குழந்தைக்கு வரிசையாகப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் முறை. கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/1000 போதும்.

அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் பனி படரும். துடைத்தாலும் திரும்ப வரும், 15 நிமிடம் போல வெளிக்காற்றில் விடுங்கள். உப்புக் காற்றில் லென்ஸ் பிசுபிசுத்து படம் மங்கும், ஆனால் மணல் இருக்கும்போது துடைத்தால் கீறல் விழும், முதலில் ஊதிவிட்டு அப்புறம் பருத்தித் துணியால் துடையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் குழந்தையைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் படம் எடுக்கும்போது இன்னொரு பெரியவர் வேறு எதுவும் செய்யாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்தக் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் நினைவுச் சின்னம், 1930இல் கடலில் ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட்டுக்கு எழுப்பியது. கணுக்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இத்தனை படங்களிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பத்து நிமிடம் போனை மகளிடம் கொடுத்துவிட்டு மாமியார் பக்கத்தில் போய் உட்காருங்கள், என்ன எடுக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். அவள் உயரத்திலிருந்து உங்கள் இருவரையும் வேறு யாராலும் எடுக்க முடியாது.