கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: உயர்தரம் முடித்த மகன் யூடியூப் சனல் தொடங்கப் போறன் என்று நிற்கிறான். யாழ்ப்பாணத்தில் இருந்து இதில் பிழைக்க ஏலுமா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: ஏலும் தங்கச்சி, ஆனால் உடனே இல்லை. நீள வீடியோ போடுகிறவருக்கு 1000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4000 மணிநேரப் பார்வையும் சேரவேணும். அதற்குப் பிறகுதான் விளம்பர வருமானத்தில் 55 வீதம் கிடைக்கும். பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் காசு கூடிக் குறையும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட சனம்தான் இங்கத்தைச் சனல்களுக்குப் பெரிய பலம். அவர்கள் தேடுவது ஊரை: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை, நல்லூர்த் தேர், பனங்கிழங்கு கிண்டுகிற வளவு.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. இன்றைக்கு எங்கட பிள்ளைகளே நிகழ்ச்சி செய்து உலகத்துக்கு அனுப்புவதைப் பார்க்க மனம் நிறையுது.

ஒன்றை மட்டும் அவனிடம் கட்டாயம் சொல்லுங்கோ. உதவி செய்கிறோம் என்று ஏழைத் தாய்மாரை அழவைத்துப் படமெடுக்கிற வேலைக்குப் போகக்கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேணும்.

கமரா பிறகு வாங்கலாம். முதலில் சட்டையில் குத்துகிற மைக் வாங்கிக் குடுங்கோ. பண்ணைக் கடற்கரைக் காற்றுக்குள் போனில் பதிகிற குரல் ஒருவருக்கும் விளங்காது.